கண்மாய் நீரும் கடல் நீரும்

மதுரை,
தை மாதம்.

அன்பு நண்பனுக்கு,

நலம், உன் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க விழைகிறேன். தொலைபேசியில் பாதியில் நின்றுபோன செய்தியை இப்போது முழுமையாக எழுதுகிறேன். வரும் பங்குனியில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து பாக் நீரிணையைக் கடந்து தனுஷ்கோடிக்கு நீந்திவர முடிவு செய்து, இரு நாட்டு அனுமதிக்கும் விண்ணப்பித்துவிட்டேன். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 48 வயதில் இது எதற்கு என்று கேட்டாய். குற்றாலீஸ்வரன் 1994இல், சிறுவனாக இருந்தபோதே, இதே நீரிணையைக் கடந்த செய்தியை நாளிதழில் நாம் இருவரும் சேர்ந்து படித்த காலத்திலிருந்தே இந்த ஆசை எனக்குள் கிடக்கிறது.

பயிற்சி முழுவதும் நாகமலைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்க் கண்மாயில்தான். ஐப்பசி மழையில் வந்த முதல் வெள்ளம் ஊர்ச் சாக்கடையையும் சேர்த்து இழுத்து வந்தது. எலிக்காய்ச்சலுக்கு அஞ்சி, நீர் தெளியும்வரை கரையிலேயே காத்திருந்தேன். கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த பிறகே இறங்கினேன். அப்போது உபரி நீர் வழியும் கலுங்கிலிருந்து பெரிய மடைவரை ஒருமுறை நீந்தினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இப்போது பாசனத்துக்கு நீர் போகப் போகப் பரப்பு சுருங்குகிறது. கரையோரத்தில் சீமைக் கருவேல முட்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழுவதற்கு முந்தைய பங்குனி, சித்திரையில்தான் அந்தக் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும் என்பதால், கடல் எனக்கு இடம் கொடுக்கும் நேரத்தில் கண்மாய் வற்றிவிடும். ஆகவே நெடுநேர நீச்சல்கள் அனைத்தையும் மாசிக்குள் முடித்தாக வேண்டும்.

நீச்சல் குளத்தில் இருபது ஆண்டுகள் நீந்தியும் தெரியாத ஒன்றைக் கண்மாய் முதல் வாரத்திலேயே காட்டிவிட்டது. குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். அதை உதைத்துத் திரும்பும் அந்த ஒரு நொடியில் தோள்களும் மனமும் இளைப்பாறிக்கொள்ளும். இங்கே சுவரும் இல்லை, அடியில் வழிகாட்டும் கோடும் இல்லை. கலங்கிய நீரில் என் கையே எனக்குத் தெரியாது. வலக்கை வலுவாக இழுப்பதால் நான் நேராகப் போவதாக எண்ணிக்கொண்டே இடப்புறம் ஒதுங்கிவிடுகிறேன். பத்து வீச்சுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, நாகமலையின் முகட்டைப் பார்த்துத் திசையைச் சரிசெய்யப் பழகி வருகிறேன். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து வேகம் போய்விடும். மூன்றாவது மணி நேரத்தில் உடலைவிட மனம்தான் கரையைத் தேடுகிறது. அந்த மனத்தைப் பழக்கவே நான் இங்கு வருகிறேன் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

தனியாக இறங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை இருக்கும். தம்பி மகன் லாரி டியூபில் பின்தொடர்வான். மடை திறந்திருக்கும் நாளில் அதன் இழுப்பு ஆளை உள்ளே வாங்கிவிடும் என்பதால், நீர்ப்பாய்ச்சியிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போவதில்லை. மீன்பிடி உரிமைக்கான மீன்பாசி ஏலம் எடுத்தவர் வலை கட்டியிருக்கும் இடங்களை அவரே காட்டிக் கொடுத்தார்.

கண்மாய் கற்பிக்காதவையும் உண்டு. உப்பு நீர் உடலைத் தாங்கித் தூக்கும், அது வசதிதான். ஆனால் பல மணி நேரத்தில் நாக்கைத் தடிக்கச் செய்து, அக்குளையும் கழுத்தையும் உரசிப் புண்ணாக்கும். சொறி மீன்களும் நீரோட்டமும் தனி. அதனால் மாசியில் நான்கு வாரம் இராமேசுவரம் போய் இரவிலும் நீந்தப் போகிறேன். 1954இல் நவரத்தினசாமியும் 1966இல் மிகிர் சென்னும் இந்த நீரிணையைக் கடந்தனர். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அக்கரைக்குப் போய் அப்படியே திரும்பியும் வந்தார். மிகிர் சென்னுக்கு 25 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மூன்று மணி நேரம் மிகச் சிறியதாகத் தெரிகிறது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. உடன்வரும் படகில் எனக்கு உணவு தருபவனாக நீ வர வேண்டும். நீந்துபவன் படகைத் தொடவும் கூடாது, அதைப் பிடித்து இளைப்பாறவும் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை, உப்பிட்ட நீர்த்த கஞ்சியைப் புட்டியில் ஊற்றிக் கயிற்றில் கட்டி எறிய வேண்டும். நான் குடித்து முடிக்கும்வரை கயிறு தொய்வாகவே இருக்க வேண்டும், என்னை இழுத்துவிடக் கூடாது. என் வீச்சு நிமிடத்துக்கு 56. அது 50க்குக் கீழே இறங்கினாலோ, நான் பேச்சில் தடுமாறினாலோ, என் சொல்லைக் கேட்காமல் நீச்சலை நிறுத்தும் அதிகாரமும் உன்னிடம் இருக்கும். உங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை நான் நீந்தப் பழகும்வரை விடாமல் பிடித்திருந்தவன் நீ. இந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

படகுக்கு ஆள்பெயர் கொடுக்க வேண்டியிருப்பதால், மாசி பிறப்பதற்குள் உன் முடிவையும் கடவுச்சீட்டின் நகலையும் அனுப்பிவை.

என்றும் அன்புடன்,
உன் கிணற்றுத் தோழன்.