மாப்ளே, நரம்பு வாங்கும் முன்

ஏற்காடு,
மே 14

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வியாழக்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு மழைதான் காரணம். மத்தியானம் மூன்று மணிக்குப் பிடிக்கிறது, உடனே கரண்ட் போய்விடுகிறது. காபி இந்த வருஷம் நன்றாகப் பூத்து நன்றாகவே பிடித்திருக்கிறது. மிளகில்தான் இரண்டு கொடி வாடிப் போச்சு. மலர்க் கண்காட்சிக்கு வண்டிகள் ஏற ஆரம்பித்துவிட்டன. 20 கொண்டை ஊசி வளைவிலும் வரிசை கட்டி நிற்கிறார்கள், அதனால் சேலத்துக்கு இறங்கவே மனம் வரவில்லை.

தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். விமானத்தில் இடையிடையே எழுந்து நடக்கச் சொல். உன் பேரனைப் பார்த்த பிறகு வலியெல்லாம் மறந்துவிடும், அது வேறு விஷயம்.

சரி, தூண்டில் நரம்புக்கு வருகிறேன். உன் மகன் வான்கூவரில் சால்மன் பிடிக்கப் படகு வாங்கி டவுன்ரிக்கரும் மாட்டிவிட்டான், ரீலில் பிரெய்டு என்ற பின்னல் நரம்பைச் சுற்றலாமா, மோனோ என்ற ஒற்றை இழை நைலானைச் சுற்றலாமா என்று உன்னைக் கேட்கிறான், நீ என்னைக் கேட்கிறாய். என் பதில் மோனோ. 25 பவுண்டு பாரம் தாங்கும் மோனோ. ஏன் என்று சொல்லாமல் விட்டால் கடைக்காரன் உன் மனதை மாற்றிவிடுவான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டவுன்ரிக்கரை நீ இன்னும் பார்த்ததில்லை. படகின் பின் ஓரத்தில் கிணற்று ராட்டினம் மாதிரி ஒன்று. அதில் எஃகுக் கம்பி, கம்பியின் முனையில் ஐந்தாறு கிலோ ஈயக்குண்டு. குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப் இருக்கும். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் கவ்வவிட்டு, குண்டோடு சேர்த்து ஆழத்துக்கு இறக்குவார்கள். கோடையில் சினூக் என்ற பெரிய சால்மன் மீன் குளிர்ந்த தண்ணீரைத் தேடிக் கீழே போய்விடும். 80 அடியிலும் கிடைக்கும், 150 அடியிலும் கிடைக்கும். மேட்டூரில் 120 அடி நிரம்பினால் நாம் பூத்தூவிக் கும்பிடுவோமே, அந்த முழு ஆழத்துக்குக் கீழே உன் முள் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். படகு நடை வேகத்தைவிடக் கொஞ்சமே கூடுதலாகப் போகும். மேலே கழி வில்லாக வளைந்து காத்திருக்கும். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு கிளிப்பை விட்டுப் பிடுங்கிக்கொள்ளும், கழி விருட்டென்று நிமிரும். அதற்குப் பிறகு ஈயக்குண்டுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. நீயும் மீனும் மட்டும்தான்.

அந்த நிமிரும் நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. அத்தனை அடி நரம்பு ஒரே சமயத்தில் தொய்கிறது. அங்கே சால்மனுக்கு எதிர்முள் இல்லாத கொக்கிதான் போடவேண்டும், அது சட்டம். கண்ணங்குறிச்சி மூக்கனேரியில் நாம் போட்ட முள்ளில் உள்பக்கம் சின்னதாக ஒரு நாக்கு இருக்குமே, அது இருக்காது. வழவழவென்ற வளைந்த கம்பி, அவ்வளவுதான். நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் கொக்கி தானாக விழுந்துவிடும். மோனோ நீளும். பாரம் ஏறினால் நூற்றுக்குப் பத்து, இருபது பங்குகூட நீளும். கழியை வளைத்து வைத்திருக்கும்போதே அது இழுபட்டு நிற்கிறது. கிளிப் விட்டதும் சுருங்கிக்கொண்டு வந்து அந்தத் தொய்வில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். மீன் தலையை உதறும்போதும், படகை நோக்கித் திரும்பி ஓடிவரும்போதும் அந்த இழுவைதான் கொக்கியை வாயில் பிடித்து வைத்திருக்கும்.

நீ தறிக்காரன், இதை நான் உனக்கு விளக்கவே வேண்டாம். பட்டுப் பாவு அடி வாங்கினால் கொடுத்து வாங்கும், பருத்தி இழை பட்டென்று போகும் என்று அம்மாபேட்டை வீட்டில் எனக்குக் காட்டியவனே நீதான்.

பிரெய்டு அப்படி நீளாது. பின்னல் நரம்பு, மெல்லிசு, அதே பருமனுக்கு மோனோவைவிடப் பல மடங்கு பலம். தண்ணீர் அதைக் குறைவாகவே இழுக்கும் என்பதும் உண்மை. கடையில் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் எவனும் பிரெய்டைத்தான் எடுப்பான். நானும் எடுத்தேன். நான் அங்கே போய்ச் சேர்ந்த நான்காவது வருஷம், 50 பவுண்டு பிரெய்டை ரீல் முழுக்கச் சுற்றிக்கொண்டு போனேன். காலையில் இரண்டு தடவை கிளிப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அத்தனை மெல்லிசை ரப்பர் பட்டை கவ்வாது. கிளிப்பை இறுக்கினேன். பத்து மணி வாக்கில் ஒரு பெரிய மீன் அடித்தது. கிளிப் இறுக்கமாக இருந்ததால் உடனே விடவில்லை, விட்டபோது நரம்பில் கொஞ்சம்கூட நெகிழ்வில்லை, மீன் இரண்டு உதறு உதறியது. கொக்கி திரும்பி வந்தது, அதன் முனையில் மீனின் உதட்டுச் சதை ஒரு நகக்கண் அளவு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சதைத் துண்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மீனை விட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைக் கிழித்து அனுப்பினோமே என்று இருந்தது.

200 அடிக்குக் கீழே போகிறவர்கள் ரீலின் அடியில் பிரெய்டு சுற்றி, அதன்மேல் நூறடிக்குக் குறையாமல் மோனோ கட்டுகிறார்கள். கிளிப் கவ்வுவதும் மோனோவை, நீள்வதும் மோனோ. அது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டையும் இணைக்கும் முடிச்சு கழி வளையங்களுக்குள் சிக்காமல் ஓடவேண்டும், அதற்குக் கை பழகவேண்டும். முதல் வருஷம் மகனுக்கு அது வேண்டாம்.

ஏன் 25 பவுண்டு என்று கேட்பாய். 20 பவுண்டிலும் பிடிக்கலாம். வான்கூவர் தீவில் கேம்ப்பெல் ரிவர் என்ற ஊரில் 1924-இல் தொடங்கிய டையி கிளப் என்று ஒன்று இருக்கிறது. துடுப்புப் போடும் படகில் போய், 20 பவுண்டுக்கு மேற்படாத நரம்பில், 30 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள சினூக்கைப் பிடித்தவர்தான் அதில் உறுப்பினராக முடியும். ஆக 20 போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் டவுன்ரிக்கரில் கிளிப் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கவ்வி நரம்பைத் தேய்க்கும், பக்கத்தில் எஃகுக் கம்பி வேறு ஓடுகிறது. அந்தத் தேய்மானத்துக்காகத்தான் ஐந்து பவுண்டு கூட்டிச் சொல்கிறேன். 30-க்கு மேல் போனால் பருமன் ஏறி, தண்ணீர் நரம்பை வளைத்துப் பின்னால் தள்ளும். ஆழம் என்றதும் இன்னொன்று: எவ்வளவு கம்பி இறங்கியது என்று எண்ணும் கவுண்டரில் 120 என்று காட்டினாலும் குண்டு பின்னால் இழுபட்டுச் சாய்ந்து நிற்பதால் உண்மை ஆழம் அதைவிடக் குறைவுதான். இதை மகனிடம் சொல்.

கொக்கியை ஒட்டிய கடைசித் துண்டு, லீடர், அதற்கு மட்டும் ஃபுளோரோகார்பன் என்ற வேறு வகை நரம்பை வாங்கட்டும். தண்ணீருக்குள் நைலானைவிடக் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், பல்லுக்கும் உராய்வுக்கும் தாங்கும். ஃபிளாஷர் என்ற மின்னும் தகட்டுக்குப் பின்னால் ஹூச்சி, அதாவது ரப்பர்க் கணவாய் கட்டினால், ஒரு கஜ நீளத்துக்கு 40 பவுண்டு லீடர் போடச் சொல். பலத்துக்காக அல்ல, விறைப்புக்காக. தகடு சுழன்று உதைக்கும் உதையை விறைப்பான நரம்புதான் ஹூச்சிக்குக் கொண்டுபோகும். தொளதொளவென்று இருந்தால் அது செத்த கணவாய் மாதிரி பின்னால் வரும். ஸ்பூன், அதாவது கரண்டி மாதிரி வளைந்த தகட்டுத் தூண்டில் கட்டினால் நீளத்தைக் கூட்டலாம், ஐந்தாறு அடி.

வருஷத்துக்கு ஒருமுறை மோனோவை மாற்றிவிடவேண்டும். வெயிலில் நைலான் கெட்டுப்போகும், பார்வைக்குத் தெரியாது. லைசென்ஸ், சால்மன் ஸ்டாம்ப் இரண்டும் மகன் எடுத்திருப்பான். உனக்கும் தனியாக எடுக்கச் சொல்.

அப்புறம், இந்தக் கவரில் இரண்டு துண்டு நரம்பு வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் இரண்டு முழம். வெள்ளையாகப் பளபளப்பது மோனோ, பச்சைப் பின்னல் பிரெய்டு. வாசல் தூணில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துப் பார். பிரெய்டைக் கையில் சுற்றாதே, அறுத்துவிடும், குச்சியில் சுற்றி இழு. மோனோவைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் மூக்கனேரிக் கரையில் நாம் மூங்கில் கழியில் கட்டிய தங்கூசிதான் ஞாபகம் வரும், இரண்டும் ஒரே நைலான்தானே. முடிச்சு போட்டால் எச்சில் தொட்டு இறுக்கு. உலர்ந்தபடி இறுக்கினால் சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். நூல் முடிய நீ இப்போதும் அப்படித்தானே செய்கிறாய்?

ஜூலைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மேலே வா. காலை பஸ்ஸில் ஏறினால் கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடலாம். வரும்போது செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வா, கார சட்னி தனியாக. லீடர் முடிச்சை நேரில் கையில் காட்டுகிறேன்.

உன் கூட்டாளி