அந்த அரை ஷிப்டை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்க

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கும், ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

வணக்கமுங்க. நொய்யல் கரையை ஒட்டின லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன டிரஸ்ட் மாலைப் படிப்பு மையம் நடத்துகிறது. அங்கே சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். பகலில் உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் கணக்கு எழுதுகிறேன், அதனால் இதை யாரோ வெளியூர்க்காரன் எழுதின புகார் என்று நினைத்துவிட வேண்டாம். பணம் கேட்கவும் இதை எழுதவில்லை. கேட்பது நேரம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ராத்திரி எட்டரை வரைக்கும் ஓடுகிறதே, அந்த அரை ஷிப்ட்.

நம் ஊரில் ஒரு ஷிப்ட் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு, ஒன்றரை போட்டால்தான் சனிக்கிழமை கையில் வருகிற காசு வாடகைக்கும் மளிகைக்கும் வட்டிக்கும் எட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா டைலர், அம்மா செக்கிங் என்றால் இரண்டு பேருமே எட்டரைக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தால், கட்டிலும் கேஸ் அடுப்பும் டிவியும் போக மீதி இடத்தில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். சின்னவன் டிவி பார்ப்பான், பெரியவள் சோறு வைப்பாள். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன் வீட்டில் இருக்கவே மாட்டான், டீக்கடை முக்கில் யாருடைய பைக்கிலாவது சாய்ந்துகொண்டு நிற்பான். அங்கே அவனிடம் பேச்சுக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் பிடித்து வைத்திருப்பது 6 வயதிலிருந்து 14 வரைக்கும். 2021இல் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினதும் எட்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்குத்தான். அதற்கு மேலே கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிற தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது, 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள், நல்ல திட்டம். ஆனால் நடுவில் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் இருக்கிற அந்த நாலு வருசம்? கைமடிக்க, அதாவது டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற எடுபிடி வேலைக்குப் போனாலே ஒரு வாரத்தில் 1000 ரூபாய்க்கு மேல் கையில் வாங்குகிற ஊரில், மூன்று வருசம் கழித்து மாதம் ஆயிரம் வரும் என்று ஒரு பையனை உட்கார வைக்க யாராவது பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மே மாத லீவில் கம்பெனிக்குப் போகிறவன் ஜூனில் திரும்பி வருவானா என்பதுதான் ஒவ்வொரு வருசமும் எங்கள் கவலை.

போன டல் சீசனில் ஒரு கட்டிங் மாஸ்டர் அண்ணன் மையத்துக்கு வந்தார். ஆர்டர் இல்லை, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று அவரே சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குப் பரப்பளவு நடத்தச் சொன்னேன். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பழைய தினசரியைத் தரையில் விரித்து ஒரு டி-சர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று பேட்டர்ன் வெட்டிப் போட்டார். 180 ஜிஎஸ்எம் துணி என்றால் ஒரு சதுர மீட்டர் 180 கிராம், அப்போ ஒரு கிலோவில் எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டார். அஞ்சரைக்குக் கொஞ்சம் மேலே என்று பதில் வந்தது, சொன்னவன் அதுவரைக்கும் கணக்கு நோட்டே கொண்டுவராத பையன். அப்புறம் பேட்டர்னை எப்படித் திருப்பிப் போட்டால் வேஸ்ட் குறையும் என்று ஒரே சண்டை. பி.எட். முடித்த என்னால் அந்த வகுப்பை எடுத்திருக்க முடியாது.

ஆர்டர் வந்தது, அண்ணன் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மாதக் கடைசியில் ஷிப்மென்ட் வைத்துக்கொண்டு யார் விடுவார்கள்?

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். இந்த ஊரில் பாடம் சொல்லித் தரத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் போடுகிற மெர்ச்சண்டைசர் பெண்கள், ரிஜெக்ட் சதவீதத்தை மனசிலேயே போடுகிற செக்கர்கள், ஒடிசா, பீகார் பிள்ளைகளிடம் அவர்கள் பாஷையில் பேசி வீட்டு நிலவரம் கேட்கக்கூடிய சூப்பர்வைசர்கள் எல்லோரும் உங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். எட்டரை வரைக்கும்.

“நாங்க என்ன படிச்சா வந்தோம்?” என்று ஒரு முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். கைமடித்து, டைலராகி, நாலு பேர் பங்கு சேர்ந்து பவர் டேபிள் என்கிற தையல் மிஷின் வரிசை போட்டு, இன்றைக்கு வருசம் 40,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊராக இதை ஆக்கினவர்களில் பாதிப் பேர் காலேஜ் வாசலை மிதிக்காதவர்கள். ஆனால் பங்கு போட மச்சான் இருந்தார், அடகு வைக்கத் தோட்டம் இருந்தது. தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைக்க வந்து லைன் வீட்டில் இருக்கிறவர் பையனுக்கு ரெண்டும் கிடையாது. அவன் கைமடிக்கப் போனால் டைலர் ஆவான், அதோடு சரி.

வாரத்தில் ஒரு நாள், விருப்பப்பட்டு வருகிற ஆட்களில் இரண்டு மூன்று பேரை ஐந்தரைக்கு விடுங்கள், அந்த அரை ஷிப்ட் சம்பளத்தை வெட்டாமல். சனிக்கிழமை வேண்டாம், சம்பளநாளில் யாருக்கும் மனசு நிற்காது. மாறி மாறி ஆள் அனுப்பாமல் ஒரே ஆளையே அனுப்புங்கள், ஏனென்றால் பிள்ளைகள் பாடத்துக்கு வருவதில்லை, ஆளுக்குத்தான் வருகிறார்கள். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டால் போதும். பெரிய கம்பெனிக்காரர்கள் இதை, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்கிற 2013 கம்பெனிச் சட்டக் கணக்கில் காட்டலாமா என்று ஆடிட்டரைக் கேட்க வேண்டாம், ஊழியரின் நேரத்தைப் பணமாக்கிக் காட்ட முடியாது என்று மத்திய அரசு 2021இலேயே சொல்லிவிட்டது. டேபிள் பத்து போட்டு ஓட்டுகிற யூனிட்டுக்கு அந்தச் சட்டமே கிடையாது. ஆக, இது உங்கள் கைக்காசுதான், மறைக்கவில்லை.

ஜூன் மாதம் வழக்கம்போல நோட்டும் பையும் கொடுக்க வருவீர்கள், மேடையும் மைக்கும் நாங்கள் போட்டுவிடுகிறோம், சந்தோசமாக வாங்க. வரும்போது யார், எந்தக் கிழமை வருவார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் அன்றைக்கே வகுப்பைப் பிரித்துவிடலாம்.

இப்படிக்கு,
மாலைப் படிப்பு மையத்துத் தன்னார்வலர் ஒருவர்
திருப்பூர்