கற்பூரமும் ஒரு நோட்டீஸும்

அன்புள்ள லோகா,

ஆடிக் கூழுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவள் நீ, அப்புறம் மூச்சு விடாதவள் நான். கணக்கு நேராகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். சாந்தா அக்காவுக்கு முழங்கால்தான் மடங்கவில்லை, வாய் அப்படியே இருக்கிறது.

எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதுடி! வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறேனே, அது ஃபிளாட்டின் நடத்தை விதியைக் 'காண்ட்ராவீன்' (contravene) செய்கிறதாம், அதாவது மீறுகிறதாம். 'பிரேக்' (break) என்று போட்டிருந்தால் போங்கடா என்று மடித்து வைத்திருப்பேன். இந்தச் சொல்லைப் பார்த்ததும், உன் மச்சான் பேய் வேகத்தில் வண்டி ஓட்டி மாட்டினாரே, 1996 சாலைச் சட்டம் 59ஆம் பிரிவு, அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. இந்தத் தென்னாப்பிரிக்காவில் குற்றப்பத்திரிகை பேசும் பாஷை இது.

அகராதியை எடுத்து உட்கார்ந்தேன், உனக்குத்தான் தெரியுமே. லத்தீனில் கான்ட்ரா என்றால் எதிர், வெனிரே என்றால் வருதல். நான் ஒரு விதியை மீறினாலும் காண்ட்ராவீன், ஒரு ஒப்பந்தத்தின் வரி சட்டத்துக்கு முரணாக இருந்தாலும் காண்ட்ராவீன். நாம் மீறுவது, முரண்படுவது என்று பிரித்துச் சொல்வதை அவர்கள் ஒன்றிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் சட்டம், விதி, ஒப்பந்தம் மாதிரி எழுதி வைத்தவற்றோடுதான் அது பெரும்பாலும் வரும். ஒருவர் உரிமையில் கை வைத்தால் இன்ஃப்ரிஞ்ச், கோயிலைத் தீட்டுப்படுத்தினால் வயலேட், அங்கெல்லாம் இது அவ்வளவாக ஒட்டாது. பின்னால் 'அகெய்ன்ஸ்ட்' சேர்க்கவும் கூடாது, எதிர்ப்பு உள்ளேயே இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளி வாத்தியார் இருந்திருந்தால் சேர்த்து எழுதியவனைப் பெஞ்சில் ஏற்றியிருப்பார்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சொல்லுக்கு முகமே இல்லை. விதி சரியா தப்பா என்று கேட்காது, ஒத்துப்போகிறதா இல்லையா, அவ்வளவுதான். 1913இல் அனுமதிச் சீட்டில்லாமல் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டால் மாகாண எல்லையைத் தாண்டினார்களே நம் பெண்கள், அவர்கள் செய்ததும் இதே காண்ட்ராவீன்தான். அந்த மார்ச்சில்தான் கேப் மாகாண நீதிமன்றம், பலதார மணத்துக்கு இடம் தரும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணம் செல்லாது என்றிருந்தது. தாலி கட்டியவள் மனைவி இல்லை என்றால் சும்மா இருப்பாளா? தெரிந்தே தாண்டினார்கள், மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதம் கடுங்காவல். தில்லையாடி வள்ளியம்மை அங்கே காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் போய்விட்டாள், 16 வயது. உன் ஊர் ஜோகன்னஸ்பர்க்கில், பிராம்ஃபொன்டெய்ன் இடுகாட்டில்தான் கிடக்கிறாள், நீ இன்னும் போகவில்லை என்றால் உனக்கு ஒரு நோட்டீஸ் நான் அனுப்புகிறேன்.

என் கற்பூரத்தை அதோடு சேர்க்கவில்லை, பயப்படாதே. மாடியில் ஆஸ்துமாக்காரக் கிழவர் ஒருவர் இருக்கிறார், புகை அவருக்கு ஆகாது என்று நேரில் சொன்னால் உள்ளே காட்டிவிட்டுப் போகிறேன். அதை விட்டுவிட்டு எண் கூடப் போடாமல் 'நடத்தை விதி' என்று ஒரு தாள்! எந்த விதி என்று கேட்டு எழுதப் போகிறேன். வக்கீலுக்குப் படிக்கிறாளே உன் பெரியவள், அவளிடம் கொடுத்து ஒரு நல்ல ஆங்கிலக் கடிதம் வாங்கி அனுப்பு. வியாழனுக்குள் வேண்டும், மறுநாள் வெள்ளிக்கிழமை.

உன்,
தேவி