திங்கள் முதல் போர்டில் வரம்பு

வணக்கம். நம் வேலைகளைக் குறித்து வைக்கும் போர்டில் இன்று 18 கார்டு, அதாவது 18 வேலை, பாதியில் நிற்கிறது. வாரத்துக்கு நாம் முடிப்பது ஏறக்குறைய 6. அப்படியென்றால் உள்ளே போகும் ஒரு கார்டு வெளியே வர சராசரியாக 3 வாரம். ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961-இல் நிரூபித்த கணக்குதான் இது. கையில் இருப்பதை 9 ஆக்கினால், அதே வேகத்தில் ஒன்றரை வாரம் போதும்.

லாகின் பிழை கார்டைப் பாருங்கள். கோடிங் முடிந்து 9 நாள் ஆகிறது, ரிவ்யூ, அதாவது எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பது, அதற்கு ஆள் இல்லாமல் கிடக்கிறது. அதற்குள் புதிதாக 5 வேலை தொடங்கிவிட்டோம். பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. எழுதியவருக்கே இப்போது பாதி மறந்திருக்கும்.

அதனால் திங்கள் முதல் டெவலப்மென்ட்டில் 6, ரிவ்யூ, டெஸ்டிங் இரண்டுக்கும் சேர்த்து 3. அதற்கு மேல் வேண்டாம். இடம் இல்லையென்றால் புது கார்டை இழுக்காமல், காத்திருக்கும் ஒரு ரிவ்யூவை முடித்துக் கொடுங்கள். கை சும்மா இருக்கிறதே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். புரொடக்‌ஷனில், அதாவது பயனர்கள் கையில் இருக்கும் சிஸ்டத்தில், அவசரம் என்றால் மட்டும் வரம்பை மீறலாம். அப்போதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.

2 வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றலாம். அப்புறம், இந்த 18-இல் எதை நிறுத்தி வைக்கலாம் என்று வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள்.