ஷியர் பின்னுக்குப் பதில் கெட்டி போல்ட் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய தோட்ட ட்ரக்டரில் பனியை அள்ளி எறியும் ஸ்னோ புளோவர் பூட்டி ஓட்டுவது பற்றி உங்கள் குளிர்காலப் பக்கத்தில் வந்த கட்டுரையில் இரண்டு ஆலோசனைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஷியர் பின், அதாவது கியர்பெட்டி உடையாமல் தான் அறுந்து காக்கும் சிறு பின், அடிக்கடி உடைந்தால் அந்த இடத்தில் கெட்டியான போல்ட் ஒன்றைப் போடுங்கள் என்பது ஒன்று. பனி தூரம் போய் விழாவிட்டால் எஞ்சினுக்கு வலு காணாது, பெரிய எஞ்சின் மாற்றுங்கள் என்பது மற்றது. முதலாவதைக் கேட்டால் கியர்பெட்டி போகும். இரண்டாவதைக் கேட்டால் காசு போகும்.

ஓரஞ்ச்வில், பாரி பக்கம் காணியோடு வீடு வாங்கியவர்கள் ஏலத்திலோ அயலவரிடமோ எடுக்கும் ட்ரக்டர்கள் பெரும்பாலும் இவைதான்: வீல் ஹோஸ் சி வரிசை, ஜோன் டியர் 110, 140, 318, இன்டர்நஷனல் ஹாவெஸ்டர் காலத்துக் கப் கடெட், சிம்பிளிசிட்டி, போலென்ஸ், கேஸ். கப் கடெட் 1961இலும் ஜோன் டியர் 110 1963இலும் வந்தவை. இவற்றில் பலவற்றுக்கு வார்ப்பிரும்பு உடம்புள்ள கோலர் கே வரிசை எஞ்சின். பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டியதில்லை. வீல் ஹோஸை 1986இல் டோரோ வாங்கியதால் மாதிரி எண்ணைச் சொல்லி டோரோ முகவரிடம் கேட்கலாம். ஜோன் டியரும் பழைய மாதிரிகளுக்குப் பல பாகங்களை இன்னும் விற்கிறது. முதலில் மாதிரித் தகட்டில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். தகடு இல்லாத வண்டிக்குப் பெல்ட் வாங்குவதே பெரும்பாடு.

இனி ஷியர் பின்னுக்கு வருவோம். இரண்டு கட்டப் புளோவரில் முன்னால் சுற்றும் திருகு ஓகர். அது பனியை நடுவுக்கு இழுத்துக் கொடுக்க, பின்னால் வேகமாகச் சுற்றும் இம்பெல்லர் அதைக் குழாய் வழியே எறியும். ஓகரின் இடது பாதியும் வலது பாதியும் நடுத்தண்டின் மேல் தளர்வாகத்தான் இருக்கின்றன. அவற்றைத் தண்டோடு பிணைப்பது அந்தச் சிறு பின் மட்டுமே. தண்டுக்கு நடுவில் உள்ள கியர்பெட்டிக்குள் ஓர் உருக்குத் திருகும், பெரும்பாலும் வெண்கலத்தில் செய்த ஒரு பற்சக்கரமும் இருக்கும். ஓகரில் கல் சிக்கும்போது பின் அறுந்தால் சில்லறைச் செலவு. பின் அறாவிட்டால் வெண்கலப் பற்கள் அறும்.

போல்ட்டின் தலையைப் பார்த்தாலே அதன் கெட்டி தெரியும். கோடு எதுவும் இல்லாதது தரம் 2. மூன்று கோடு இருந்தால் தரம் 5, ஆறு கோடு என்றால் தரம் 8. உங்கள் மாதிரிக்கென்று விற்கும் பின்னே சிறந்தது. அது கைக்கு வராத அவசரத்தில் அதே விட்டமுள்ள கோடில்லாத போல்ட்டைப் போட்டு வேலையை முடிக்கலாம். மூன்று கோட்டுக்கும் ஆறு கோட்டுக்கும் அங்கே இடமில்லை.

பின் அடிக்கடி உடைகிறதென்றால் காரணத்தைத் தேடுங்கள். பல தடவை உடைந்து உடைந்து துளை நீள்வட்டமாகியிருக்கும். அப்போது பின் உள்ளே ஆடி, சுத்தியலால் அடிபடுவதுபோல் தட்டுப்பட்டு வெட்டுப்படும். துளையை அடுத்த அளவுக்குப் பெருப்பித்துத் தடித்த பின் போடுவதும் அதே கெட்டி போல்ட் வைத்தியம்தான். வெல்டிங் வைத்து அடைத்துப் பழைய அளவிலேயே துளையிடுங்கள். இன்னொரு காரணம், புளோவரைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும் பக்கச் சறுக்குக் காலணிகள் தேய்ந்து போய் முன் விளிம்பு இன்டர்லொக் கல்லின் ஓரத்தில் கொளுவுவது. மூன்றாவது காரணத்தைச் சொன்னால் கோபிக்காதீர்கள், அது பத்திரிகை. பனிக்கு அடியில் புதைந்து உறைந்த விளம்பரத்தாள் கட்டு ஒன்று போதும், ஓகர் அப்படியே நின்றுவிடும். பனி விழத் தொடங்குமுன் ட்ரைவேயை ஒருதரம் நடந்து பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. ஓகர் துருவேறித் தண்டோடு ஒட்டிக்கொண்டால் சரியான பின் போட்டிருந்தும் அது அறாது. ஆண்டுக்கு ஒரு தரம், ஐப்பசிக்கு முன்னர், இரண்டு பின்னையும் கழற்றி ஓகரைக் கையால் தண்டின் மேல் சுற்றிப் பாருங்கள். சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் துருநீக்கி ஒயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, அசைத்து, கிரீஸ் முலையால் புதுக் கிரீஸ் ஓரத்தில் வழியும்வரை அடியுங்கள். இம்பெல்லர் இல்லாமல் ஓகரே பனியை எறியும் ஒற்றைக் கட்டப் புளோவர் சிலவற்றில் பின்னே கிடையாது. அங்கே பெல்ட் வழுக்குவதுதான் காப்பு. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குகிறவர் அந்தக் காப்பையும் சேர்த்து இறுக்கி விடுகிறார்.

பனி தூரம் போகாததற்கு எஞ்சின் வலுவைக் குறை சொல்லுமுன் இரண்டு அளவைப் பாருங்கள். ஒன்று எஞ்சின் வேகம். இந்தக் கோலர் எஞ்சின்களுக்கு முழுத் துரோட்டிலில், சுமையில்லாமல், நிமிடத்துக்கு 3600 சுற்று வரை வைப்பது வழக்கம். பிளக் வயரில் சுற்றிப் பார்க்கும் மலிவான டகோமீற்றர் ஒன்றால் அளக்கலாம். வேகம் முக்காலாகக் குறைந்தால் எறியும் தூரம் கணக்குப்படி பாதியை ஒட்டி இறங்கிவிடும், ஏனென்றால் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போவது. ஆகவே எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, வண்டியை மட்டும் முதல் கியரில் ஊரவிட வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிக்கத் துரோட்டிலைக் குறைத்து ஓட்டுபவரின் குழாய்தான் முதலில் அடைக்கும்.

இரண்டாவது, இம்பெல்லர் இதழின் நுனிக்கும் உருளைக் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பழைய புளோவரில் அது கால் அங்குலம், சிலவேளை அதிலும் கூட இருக்கும். தூள் பனிக்கு அது பெரிய குறையல்ல. நகரசபை வண்டி ட்ரைவே வாசலில் தள்ளிவிட்டுப் போகும் உப்பு கலந்த ஈரப் பனிக்கு அதுவே எமன். ஈரப் பனி அந்த இடைவெளியால் நழுவிக் கூட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், மேலே ஏறாது. எஞ்சின் மாற்றினாலும் நழுவுவது நழுவும்.

இதற்கு மருந்து ரப்பர். துணி அடுக்கு வைத்த கன்வேயர் பெல்ட் ரப்பர், ஏறத்தாழ 3/8 அங்குலத் தடிப்பில், இதழின் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கார் ரியூப் ரப்பர் சரிவராது, மடிந்துவிடும். திறப்பைக் கழற்றி, பிளக் வயரையும் பிடுங்கி அப்பால் வைத்துவிட்டு, எறியும் குழாயைக் கழற்றினால் அந்த வாய் வழியாக இதழ்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு எட்டும். பனியைத் தள்ளும் முகத்தில் ரப்பரை வைத்து, அதன் மேல் 1/8 அங்குல இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு 5/16 அங்குலப் போல்ட்டால் நைலோன் நட்டுப் போட்டு இறுக்குங்கள். ரப்பரில் துளையை நீளவாக்கில் வெட்டினால் நுனியை முன்பின் நகர்த்தலாம். நுனி கூட்டை மெல்லத் தொட வேண்டும், அவ்வளவுதான். அழுத்தி நின்றால் பெல்ட் சூடாகும். எல்லா இதழுக்கும், அல்லது நான்கு இதழில் எதிரெதிரான இரண்டுக்கு மட்டும், ஒரே எடையில் போடுங்கள். எடை மாறினால் அதிர்ந்து பெயரிங்கைத் தின்னும். முடிந்ததும் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே எஞ்சினைத் தொடுங்கள். அரைநாள் வேலைதான், ஆனால் ஈரப் பனியில் தெரியும் வித்தியாசம் நாலைந்து குதிரைவலு கூட்டினாலும் வராது.

காலணி உயரத்தைச் சரிசெய்ய, தார் அல்லது கொங்கிரீட் தரையில் சுரண்டும் விளிம்புக்கு அடியில் கால் அங்குலப் பலகைத் துண்டு ஒன்றை வைத்து, காலணியைத் தரையில் முட்டவிட்டு இறுக்குங்கள். சரளைக் கல் ட்ரைவே என்றால் ஓர் அங்குலம். பெல்ட்டை வாகனக் கடையில் அளவு பார்த்து வாங்காதீர்கள். இந்த ட்ரக்டர்கள் பலவற்றில் பெல்ட்டின் முதுகில் அதை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் சக்கரம் அழுத்துகிறது, முறுக்கியும் ஓடுகிறது. அதற்கென்று துணி சுற்றிய பெல்ட்டே தாங்கும். ஒற்றைக் கட்டப் புளோவரின் பக்கச் சங்கிலிக்கு அரை அங்குலத் தொய்வும் துளி ஒயிலும் போதும்.

அடுத்தது பிடி. முன்னால் தொங்கும் புளோவரின் பாரம் பின் சில்லைத் தரையிலிருந்து கிளப்பப் பார்க்கும். எஞ்சின் எத்தனை குதிரைவலுவாக இருந்தென்ன, வழுக்கினால் நின்ற இடத்தில்தான் நிற்கும். வன்னியில் சேற்றுழவுக்கு இரும்புச் சில்லுப் பூட்டியதை அறிந்தவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. புல்லுக்குரிய 23க்கு 8.50-12 ரயரில் சங்கிலி கட்டும்போது, குறுக்குச் சங்கிலி இரண்டு கண்ணிக்கு ஒருதரம் வரும் வகையை வாங்குங்கள். நாலு கண்ணிக்கு ஒருதரம் வருவதில் இரண்டு குறுக்குக்கு நடுவே ரயர் வெறும் பனியில் சுழலும். பக்கத்துக்கு 50 இறாத்தல் வார்ப்பிரும்புப் பாரம் பூட்டலாம். அல்லது வால்வு உச்சியில் நிற்க, அந்த மட்டம்வரை குளிருக்குரிய கண்ணாடி கழுவும் திரவத்தை ரயருக்குள் ஏற்றலாம். கல்சியம் குளோரைட் பாரம் கூடியது, மலிவும்கூட. ஆனால் கசிந்தால் இரும்பு ரிம்மை அரித்துவிடும், ஆகவே வேண்டாம்.

சங்கிலியும் பாரமும் ஏறியதும் வீல் ஹோஸ்காரர் பின் சில்லின் ஹப்பைப் பார்க்க வேண்டும். அதை அச்சில் பிடித்து வைத்திருப்பது ஒரு சாவித்துண்டும் சதுரத் தலைத் திருகும்தான். திருகு தளர்ந்து ஓடினால் சாவி நசுங்கி, அச்சின் பள்ளமும் கெட்டு, ஹப்பும் போகும். இரண்டு மணி நேரம் ஓட்டியபின் ஒருதரம் இறுக்கிப் பாருங்கள்.

கட்டுரையில் ஒரு வரிகூட வராதது தண்ணீர். இந்த வயதுள்ள வண்டிகள் குளிரில் முடங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். வீல் ஹோஸில் கியர்த் தடியின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால் மழையும் உருகிய பனியும் தடி வழியாகக் கியர்பெட்டிக்குள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கடும் குளிர் நாளில் கியர் விழாது, அல்லது சில்லே உருளாது. அடித்து, இழுத்து, பலவந்தம் செய்யாதீர்கள், உள்ளே நிற்பது ஐஸ். சூடான கராஜில் ஓர் இரவு விட்டு, அடியிலுள்ள வடிகால் திருகை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம் என்பதால் முதலில் அதுதான் வரும், பின்னால் பால்தேநீர் நிறத்தில் ஒயில் வரும். அரை லீற்றர் டீசல் விட்டு வண்டியைக் கையால் முன்பின் உருட்டி வடித்து, கைநூலில் சொன்ன கியர் ஒயிலை நிரப்பி, உறையையும் புதிதாக்குங்கள். உறையை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மாசியிலும் இதே கதை.

எஞ்சினில் நான் சொல்ல இருப்பது கொஞ்சம். கோலர் கே எஞ்சினின் பொயின்ட்ஸ், அதாவது திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள், பக்கவாட்டில் சிறு மூடிக்குள் இருக்கும். அதில் ஈரம் படிந்தால் பொறி வராது. தடித்த வெள்ளை அட்டைத் துண்டை நடுவே விட்டு இழுத்துத் துடையுங்கள். இடைவெளி 0.020 அங்குலம் என்பது தொடக்க அளவு. சோதனை விளக்கைத் தொடுத்து, பிளைவீலில் உள்ள ‘எஸ்’ குறி பார்வைத் துளைக்கு வரும் அந்தக் கணத்தில் பொயின்ட்ஸ் திறக்கும்படி வைத்தால்தான் நேரம் சரி. ‘டி’ குறியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். காபரேட்டர் ஊசிகளை மெதுவாக அடிவரை பூட்டி, பிரதான ஊசியைச் சுமார் 2 சுற்றும், ஐடில் ஊசியை 1¼ சுற்றும் திறந்து தொடங்குங்கள். எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் பெற்றோல் காணாது, கொஞ்சம் திறக்கலாம். ஒயில், மைனஸ் 18 பாகைக்குக் கீழே 5டபிள்யூ-30. 10 முதல் 16 குதிரைவலு வரையான கே எஞ்சின்களில் பலவற்றுள் அதிர்வைக் குறைக்கும் சமநிலைக் கியர்கள் உண்டு. அவை உடைந்தால் எஞ்சின் உடம்பையே பிளக்கும். எஞ்சினைப் பிரிக்கும் நாள் வந்தால் அவற்றை வெளியே எடுத்துவிடுவதே பல மெக்கானிக்குகளின் வழக்கம், அது சரியென்றே நினைக்கிறேன். பற்றறி வடிந்து கிடந்தால் மைனஸ் 10 அளவிலேயே உறைந்து வெடிக்கும். முழுச் சார்ஜில் இருந்தால் கனடாக் குளிருக்கு அசையாது.

குழாய் அடைத்தால் கையை விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் முறுக்கி நிற்கும் பெல்ட்டின் விசை இம்பெல்லருக்குள் இருக்கும், அடைப்பு விலகிய கணத்தில் இதழ் ஒரு பாய்ச்சல் பாயும். ஒரு விரலுக்கு அது போதும். புளோவருக்குப் போகும் ஓட்டத்தைத் துண்டித்து, எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து, பிறகு தடியால் குத்துங்கள். இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இருக்கையிலிருந்து எழும்பினால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் கிடையாது, இருந்ததையும் முன்னைய சொந்தக்காரர் பிடுங்கியிருப்பார். ஒன்று பூட்டுங்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே வைத்து எஞ்சினைச் சூடாக்க வேண்டாம், புகை வீட்டுக்குள் ஏறும். குழாயைத் தெருப் பக்கம் திருப்பவும் வேண்டாம். அனுமதியில்லாமல் பனியை வீதியில் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு தடை செய்கிறது.

வேலை முடிந்ததும் புளோவரை வெறுமனே ஒரு நிமிடம் சுற்றவிட்டு உள்ளே நிற்கும் ஈரத்தை எறியுங்கள். குழாயின் உட்புறத்துக்குச் சிலிக்கன் தெளித்து, புளோவரை நிலத்தில் இறக்காமல் ஒரு பலகைத் துண்டின் மேல் இறக்கி நிறுத்துங்கள். நிலத்தில் நேராக இறக்கினால் விடியும்போது அது தரையோடு உறைந்து கிடக்கும், தூக்கும் நெம்புகோல்தான் வளையும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
பாரி, ஒன்ராறியோ