நான் காய்கறி வாங்கும் சந்தை

நியூரம்பெர்க்,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமைதோறும் காய்கறி வாங்கப் போகும் ஹௌப்ட்மார்க்ட் சந்தையைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அங்குள்ள மாதா கோவிலின் முகப்பில், நண்பகல் மணி அடித்ததும் ஏழு பொம்மைகள் வெளியே வந்து, நடுவில் வீற்றிருக்கும் பேரரசரை மூன்று முறை வலம் வரும் 1509ஆம் ஆண்டுக் கடிகாரத்தைக் கண்டு வியந்ததையும் சொல்லியிருந்தேன். சென்ற ஞாயிறன்று, வழிகாட்டி ஒருவருடன் பழைய நகரைக் கால்நடையாகச் சுற்றி வந்த பிறகுதான், அன்று உங்களுக்கு எழுதியது பாதிக் கதை என்று தெரிந்தது. மீதியையும் நீங்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கோட்டையையும், ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் தம் இறுதிக்காலம் வரை வாழ்ந்த வீட்டையும் பார்த்துவிட்டு, நண்பகலுக்குச் சற்று முன் சந்தைக்கு வந்தோம். பொம்மைகள் சுற்றி முடியும்வரை பேசாமல் நின்ற வழிகாட்டி, பிறகு எங்களைக் கோவிலுக்குள் அழைத்துச் சென்று, பீடத்தருகே தரையில் பதித்திருந்த தாவீதின் நட்சத்திரத்தைக் காட்டினார். அந்த இடத்தில் முன்பு யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்ததாம். யூதர் வீடுகளை இடித்துச் சந்தையும் கோவிலும் அமைத்துக்கொள்ளப் பின்னாளில் பேரரசரான நான்காம் கார்ல் 1349 நவம்பரில் நகர மன்றத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார். டிசம்பர் 5 அன்று இங்கே 562 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கடிகாரத்தின் நடுவே வீற்றிருப்பவர் அதே கார்ல்தான். கொலை நடக்கும் முன்பே நிலத்துக்கு ஓலை தயாராகிவிட்டது என்பதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, அப்பா.

நாஜிகள் இதே சந்தைக்கு ஹிட்லரின் பெயரைச் சூட்டி, கட்சி மாநாடுகளின்போது இங்கே அணிவகுப்பு நடத்தினார்கள். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935இல் இந்நகரில்தான் அறிவிக்கப்பட்டன. நகரின் பெரிய யூதத் தொழுகைக்கூடத்தை 1938 ஆகஸ்டில், நாடெங்கும் அத்தகைய கூடங்கள் எரிக்கப்படுவதற்கு மூன்று மாதங்கள் முன்பாகவே, இடித்துத் தள்ளினார்கள். 1945 ஜனவரி 2 அன்று விழுந்த குண்டுகளில் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமானது. ஆகவே, பழமை என்று நான் ரசித்த தெருக்களில் பல பின்னர் திரும்பக் கட்டப்பட்டவையே.

திரும்பும் வழியில், ஒரு வீட்டு வாசலில் நடைபாதைக் கற்களுக்கிடையே, உள்ளங்கை அகலமே உள்ள பித்தளைத் தகடு ஒன்றைக் கண்டோம். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, ஒரு பெண்ணின் பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகளால் அவர் கொண்டுசெல்லப்பட்ட நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருந்தன. படிக்க வேண்டுமானால் குனியத்தான் வேண்டும். அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் முதியவர் ஒருவர் கையில் துணியுடன் வந்து, எங்களுக்குத் தலையசைத்துவிட்டு, அதைத் துடைக்கத் தொடங்கினார்.

வரலாற்றுப் பாடம் நடத்தியவர் நீங்கள். மே மாதம் நீங்கள் வரும்போது, நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் எண் நீதிமன்ற அறைக்கு உங்களோடு சேர்ந்து போகலாம் என்று, நானும் இன்னும் பார்க்காமல் வைத்திருக்கிறேன். கோட்டைக்கு ஏறும் பாதை கரடுமுரடான கல் பாவியது. அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாது. அவரைச் சந்தையில் அமர வைத்துவிட்டு நாம் மட்டும் ஏறலாம்.

அன்புடன்,
உங்கள் மகள்