“பழைய பாட்டு குறைந்தது பத்து” என்ற வரியை எடுத்துவிடுங்கள்: இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, பெங்களூரு, கொச்சி மேடைகளில் தனியிசை நிகழ்ச்சி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஒலி மேசை, கிட்டார் பராமரிப்பு, பாடல் வரிசை, உரிமைத் தாள்கள் என்று மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பேண்டை விட்டுத் தனியாக வந்த ஒரு பாடகரை அழைக்கும்போது, “பேண்ட் காலத்துப் பாடல்கள் குறைந்தது பத்து” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். அந்த வரி வேண்டாம்.

ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் பேச்சும் கிட்டார் மாற்றும் நேரமும் போக 17, 18 பாட்டுக்குத்தான் இடம் இருக்கும். அதில் பத்தை நீங்களே பூர்த்தி செய்துவிட்டால், புது ஆல்பம் மூலைக்குப் போய்விடும். பாடகர் தன் பழைய குழுவின் நகலாக மேடையேறுவார். இரண்டு வருடம் கழித்து அவரை மறுபடி அழைக்கும்போது சொல்வதற்குப் புதிதாக எதுவும் இருக்காது. அப்போது டிக்கெட் விற்காதது உங்களுக்கும்தான் நஷ்டம்.

பழைய பாட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதுவும் ஓடாது. அமெரிக்க ராக் குழுவான க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் 1972இல் கலைந்தது. அதன் பாடல்களை எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி 1986 சுற்றுப்பயணத்தில் அவற்றில் ஒன்றைக்கூடப் பாடவில்லை. காரணம், அந்தப் பாடல்களின் உரிமை அவற்றை வெளியிட்ட ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. அவர் பாடினால் காசு அவர் வெறுத்த இடத்துக்குப் போகும். வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். 1987 ஜூலை 4 அன்று வியட்நாம் போர் வீரர்களுக்கான நிகழ்ச்சியில் அவற்றை மறுபடி பாடினார். அதற்குள் அவருடைய புதுப் பாட்டு ஒன்று அவரே எழுதிய பழைய பாட்டின் நகல் என்று ஃபேன்டசி வழக்கே போட்டிருந்தது. 1988இல் அவர் கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டி ஜெயித்தார். அந்தப் பாடல்களின் உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வர 2023 ஆனது.

பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி வேறு வழியில் போனார். 1972இல் தன் புதுக் குழுவான விங்ஸோடு பல்கலைக்கழகங்களில் வாசித்தபோது பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூட இல்லை. 1975–76 பயணத்தில் ஐந்தே ஐந்து சேர்த்தார். அதற்குள் விங்ஸுக்கென்று சொந்தமாக ஹிட்கள் வந்துவிட்டன. எங்களுக்கு இந்த வழிதான் பிடிக்கிறது: புதியது காலூன்றட்டும், பழையது அளவோடு வரட்டும், அளவைப் பாடுகிறவர் முடிவு செய்யட்டும்.

எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். எல்லா ஹிட்டையும் கடைசி அரை மணிக்கு ஒதுக்கினால், கூட்டம் அதுவரை சாப்பாட்டு ஸ்டால் பக்கம் நிற்கும். முதலிலேயே கொட்டிவிட்டால் நடுவில் கலையும். எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு முடிந்த கைதட்டலிலேயே, பேச்சில்லாமல், அதே வேகத்தில் புதுப் பாட்டைத் தொடங்கினால் நின்று கேட்பார்கள். மெதுவான புதுப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து வந்தால் போய்விடுவார்கள். ஹிட்களைத் துண்டு துண்டாகக் கோத்து மெட்லியாக நறுக்கச் சொல்லாதீர்கள். பல்லவி மட்டும் கேட்டவருக்கு முழுப் பாட்டும் கேட்ட நிறைவு வராது, புதுப் பாட்டுக்கு மிஞ்சும் நேரமும் அதிகமில்லை.

நீங்கள் பார்க்காத ஒரு செலவு சுருதியில் இருக்கிறது. 25 வயதில் பதிவு செய்த பாட்டை 45 வயதில் அதே கட்டையில் பலரால் பாட முடியாது. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்க வேண்டும். கீபோர்டில் அது ஒரு பொத்தான். கிட்டாரில் அப்படியில்லை. மூன்று கட்டையில், அதாவது ஈ-யில், திறந்த கம்பியை (விரலால் அழுத்தாமல் மீட்டும் கம்பியை) வைத்து அமைத்த வாசிப்பை ஒரு கட்டை இறக்கி டி-க்குக் கொண்டுபோனால் அந்தத் திறந்த கம்பியின் ஓசையே காணாமல் போகும். அதனால் கிட்டாரையே ஒரு கட்டை இறக்கி ட்யூன் செய்கிறோம். வழக்கமான 10–46 தடிமன் கம்பிகள் அப்போது தளர்ந்து, ஓங்கி மீட்டும்போதெல்லாம் சுருதி மேலேறி இறங்கும். அதைவிடத் தடித்த 11–52 போட வேண்டும். போட்டதும் கிட்டார் கழுத்தின் வளைவையும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். ஆக, பழைய பாட்டுகளுக்கென்று தனி கிட்டார், பேஸ் கிட்டாருக்கு ஐந்து கம்பி. பத்துப் பழைய பாட்டை ஏழு புதுப் பாட்டோடு மாற்றி மாற்றிக் கோக்கும்போது கிட்டார் எத்தனை முறை கைமாறும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அரை நிமிட மௌனம். ஒரே ட்யூனிங் பாட்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்தால் அது குறையும். வரிசையை எங்களிடம் விடுங்கள் என்பதற்கு இதுவும் காரணம்.

சவுண்ட் செக்குக்கு 90 நிமிடம் தாருங்கள், 40 போதாது. பழைய பாட்டு ஒலிப் பொறியாளரின் காதிலேயே இருக்கும். புதுப் பாட்டில் எந்த இடத்தில் கோரஸ் ஏறுகிறது, எங்கே டிலே (எதிரொலி) வர வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நேரம் குறைந்தால் அடிபடுவது புதியதுதான். அது சுமாராகக் கேட்கும். “புதுப் பாட்டு எடுபடவில்லை” என்று நீங்களும் முடிவு கட்டுவீர்கள்.

உரிமை விஷயம். “அவர் பாட்டை அவரே பாடுகிறார், லைசென்ஸ் எதற்கு?” என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைகளைக் கையாளும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேரும்போது, அவர்கள் மேடையேற்ற உரிமையை அதற்கு எழுதிக்கொடுக்கிறார்கள். எனவே சொந்தப் பாட்டானாலும் நிகழ்ச்சி நடத்துபவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பேண்ட் காலத்துப் பாட்டு பலதிலும் முன்னாள் தோழர்களுக்குப் பங்கு உண்டு. பாடிய பாட்டுகளின் பட்டியலை, எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரோடு கொடுத்தால்தான் பணம் சரியானவருக்குப் போகும். பேண்டின் பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுத்த பின்னணி டிராக்கை மேடையில் ஓட்டுவதாயிருந்தால், அந்தப் பதிவின் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும்.

போஸ்டரில் பேண்டின் லோகோவையும் குழுப் படத்தையும் போடாதீர்கள். பெயர் யாருடையது என்பது பல குழுக்களில் இன்னும் தீராத சண்டை. க்ரீடன்ஸில் பெயருக்காக முன்னாள் உறுப்பினர்களுக்குள்ளேயே வழக்கு நடந்தது. பாடகரின் பெயர் பெரிதாக இருக்கட்டும். “இன்ன குழுவின் முன்னாள் பாடகர்” என்பது கீழே சிறிய எழுத்தில் போதும். அதோடு “புதிய பாடல்களும் தேர்ந்த பழைய பாடல்களும்” என்று ஒரு வரி போடுங்கள். டிக்கெட் வாங்குகிறவருக்கு எதற்கு வருகிறோம் என்பது அப்போதே தெரிந்துவிடும். பாதியில் கத்த மாட்டார்.

ஒப்பந்தத்தில் என்னதான் எழுதுவது என்று கேட்டால்: மொத்த நேரம், கட்டாயம் வேண்டிய மூன்று அல்லது நான்கு பழைய பாட்டுகளின் பெயர், மீதி கலைஞரின் விருப்பம். 40 நிமிட விழா மேடையானால் எட்டில் நான்கு பழையது இருந்தாலும் பொறுக்கலாம், அங்கே வருகிறவர்கள் அவருக்காக மட்டும் வருவதில்லை. தனி நிகழ்ச்சிக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். டிசம்பர் நிகழ்ச்சிகளுக்கான ஒப்பந்தப் படிவங்களை அனுப்பும் முன்பே இதைத் திருத்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கும் ஒலிப் பொறியாளர்கள், கிட்டார் டெக்னீஷியன்கள், நிகழ்ச்சி மேலாளர்கள்